கறுத்த திரை

சசிகலா அறைக்குள் வந்தாலே, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் கணவர் சந்திரசேகரின் லேப்டாப் திரை கறுத்துவிடும்.

“ஏனுங்க, நான் வந்தா மட்டும் ஏன் அணையுது?”

“அணையல. பேட்டரி மிச்சமாகறதுக்கு, திரை வெளிச்சத்தைக் குறைக்கிற டிரைவர் புரோகிராம் எழுதறேன். அதச் சோதிக்கிறேன்.”

“நொம்ப நல்லாச் சோதிக்கிறீங்க! யாருங்க அவ?”

சசிகலா போன் டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்தாள். திரையில் வெளிச்சம்தான் இல்லை, படம் மங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த மகள் கவிப்பிரியா, ஆரஞ்சு உரித்தபடி சிரித்தாள்.

“நீ பாத்தாத் தாங்கமாட்டியேன்னுதான்...”

சசிகலா டார்ச்சை அணைத்துவிட்டு அவரருகே உட்கார்ந்தாள்.

“ஒரு படி மட்டும் வெளிச்சத்தைக் கூட்டுங்க. அதுக்கு மேல என்னாலயும் முடியாதுங்க.”