போக இடமில்லாத நெட்டையன்

ஒரு வாய்க்குள் ஈறு வீங்கி, கடைவாய்ப்பல் ஆடத் தொடங்கியிருந்தது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டே போனது. புது எலும்பு கட்டவேண்டிய குருத்தணுவோ வேலை ஓடாமல் திகைத்து நின்றது.

அந்தக் குருத்தணுவுக்குள் நெட்டையன் என்றோர் ஆர்.என்.ஏ. இழை இருந்தான். மற்ற இழைகள் புரதம் செய்யும் செய்தியைச் சுமந்து ஓடின. அவனிடம் எந்தச் செய்தியும் இல்லை. "தண்டச்சோறு, வழியை விடு!" என்று எல்லோரும் அவனைத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் எலும்பு கட்டும் செய்தியைக் கொண்டுபோகும் தூதுக்காரி இழை வழியிலேயே உட்கார்ந்து அழுதாள். "கிளம்பும்போதெல்லாம் இந்தக் குட்டையன் வந்து என்னைக் கட்டிக்கொள்கிறான். பிறகு நான் எப்படிப் போவது?"

நெட்டையன் குனிந்து பார்த்தான். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்த துணுக்கு இழை நடுங்கிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா இப்படிச் செய்கிறாய்?"

"வீக்கம் வந்ததிலிருந்து பயமாக இருக்கிறது அண்ணே. யாரையாவது பிடித்துக்கொண்டால்தான் உயிர் நிற்கிறது."

நெட்டையனுக்கு மனசு இளகியது. "அவளை விடுடா. என்னைப் பிடித்துக்கொள். எனக்குத்தான் போக வேண்டிய இடமே இல்லையே."

குட்டையன் தாவி வந்து ஒட்டிக்கொண்டான். தூதுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். செய்தி கிடைத்ததும் குருத்தணு உற்சாகமாக வேலையில் இறங்கியது. நாளாக நாளாக எலும்பு வளர்ந்தது.

தூதுக்காரி கத்திக்கொண்டே வந்தாள். "நெட்டையண்ணே! கடைவாய்ப்பல் இன்றைக்கு முறுக்குக் கடித்தது!"

"மெல்லப் பேசம்மா," என்றான் நெட்டையன். "இவன் இப்போதுதான் தூங்கினான்."