நாலு வருஷத் தலைமறைவு

சீருடைக்காரர் பேருந்தில் ஏறி, நேராக அவள் இருந்த பக்கமாகவே வந்தார். போச்சு, எல்லாம் போச்சு! மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

"டிக்கெட் காட்டும்மா."

எடுத்த அவசரத்தில் டிக்கெட் கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார். வெறும் டிக்கெட் பரிசோதகர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்!

அரளாமல் என்ன செய்வாள்? சுற்றுலா விசாவில் வந்த இடத்தில் கல்யாணமாகி, விசா முடிந்து முழுசாக நாலு வருஷம் ஆகிறது. புருஷன் இந்த நாட்டுக் குடிமகன். பிறந்த பெண்ணும் இந்த நாட்டுக் குடிமகள். வீட்டிலேயே இவள் ஒருத்திக்குத்தான் இங்கே இருக்க உரிமை கிடையாது. பிடித்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் மூன்று வயசுக் குழந்தையை எந்தக் காலத்தில் பார்ப்பது?

அந்தப் பயத்தில் கடைக்குப் போவதில்லை. பல் வலித்து முகம் வீங்கினாலும் மருத்துவரிடம் போவதில்லை. எல்லாம் புருஷன்தான் பார்த்துக்கொண்டார். இத்தனை நாளில் அதிகாரி என்று ஓர் ஈ காக்கைகூட வந்து கதவைத் தட்டியதில்லை. அவருடைய சாமர்த்தியம் அப்படி.

கீழ் வீட்டுத் தையல்கார அக்காதான் இன்றைக்கு விடாப்பிடியாகக் கிளப்பிவிட்டாள். "குடிமகனைக் கட்டினவளுக்கு ஒரு வழி இல்லாமலா போகும்? வக்கீல் இலவசமா சொல்றாங்களாம், ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வாயேன்டி. குட்டிய நான் பாத்துக்கறேன்."

லிஃப்ட் மெக்கானிக்கான புருஷன் வேலையாக வெளியூர் போயிருந்தார். அவருக்குத் தெரிந்தால் பதறிப் போவார் என்று சொல்லாமலே புறப்பட்டு வந்துவிட்டாள்.

வக்கீலம்மாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும் கைப்பேசி அடித்தது. அவரேதான்!

"எங்க இருக்க?"

"வீட்லதாங்க."

"கதவப் பூட்டிக்கிட்டியா? யார் தட்டினாலும் தெறக்காத. ரெண்டு தெரு தள்ளி ஒரு பொம்பளையப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்களாம். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா குட்டிக்கும் எனக்கும் யாரு இருக்கா?"

"சரிங்க, பூட்டிக்கறேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனுஷனிடம் பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டதே!

"பயப்படாதீங்கம்மா, இங்க பேசறது இந்த ரூமை விட்டு வெளிய போகாது" என்றாள் வக்கீலம்மா. "முறையா விசா வாங்கித்தானே உள்ள வந்தீங்க?"

"ஆமாம்மா."

"அப்போ வழி இருக்கு. கெடு தாண்டித் தங்கியிருந்தாலும், குடிமகனோட மனைவின்னா அதை மன்னிச்சு, இங்க இருந்தபடியே அனுமதி தர இடமிருக்கு. நாட்டை விட்டு மட்டும் போயிடாதீங்க. போனா, திரும்பி வர பல வருஷம் விட மாட்டாங்க."

"ஒரு தடவை விண்ணப்பம் போட்டோம்மா. கைரேகையெல்லாம் வெச்சேன். ஆகாதுன்னு தள்ளிட்டாங்களாம். அவர் வந்து சொல்லி, சின்னப்புள்ள மாதிரி அழுதாரு."

"தள்ளிட்டோம்னு வந்த கடிதத்தை நீங்க பாத்தீங்களா?"

"இல்லம்மா. அவர் கம்பெனி விலாசம்தான் கொடுத்திருந்தோம். எங்க மாடிப்படியில தபால் காணாமப் போயிடும்னு சொன்னாரு."

நல்லவேளையாக, விண்ணப்பித்த அன்று கொடுத்த ரசீது அவள் பையில் இருந்தது. வக்கீலம்மா அதிலிருந்த எண்ணைக் கணினியில் தட்டினாள். திரையைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். முகம் மாறிவிட்டது.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். தொலைபேசியை எடுத்து, யாரிடமோ அந்த எண்ணையும் இவள் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். "ஆமா, இப்போ என் எதிர்லதான் உக்காந்திருக்காங்க" என்றாள்.

இவளுக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விட்டது. அட பாவி, நயமாகப் பேசி உட்கார வைத்துப் பிடித்துக் கொடுக்கிறாளே! ஓடிவிடலாம் என்றால் கதவும் சாத்தியிருந்தது.

"அம்மா, காட்டிக் குடுத்துடாதீங்கம்மா! உங்க கால்ல விழறேன். என் குழந்தை நான் ஊட்டினாத்தாம்மா சாப்பிடும்."

வக்கீலம்மா தொலைபேசியை வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யாரும் உங்களைப் பிடிக்க வரல. குடியேற்ற ஆபீஸ்ல கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன், அவ்வளவுதான். உங்க விண்ணப்பத்தை யாரும் தள்ளவே இல்லம்மா. நீங்க நிரந்தரமா இங்கயே இருக்கலாம்னு மூணு வருஷம் முன்னாடியே உத்தரவாகி, கார்டும் அனுப்பியாச்சு."

அவளுக்கு அது உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்போ... என்னையும் குட்டியையும் யாரும் பிரிக்க முடியாதா?"

"முடியாது."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன. "ஐயோ, இது தெரியாம அந்த மனுஷன் தினம் தினம் எனக்காகப் பயந்து செத்துக்கிட்டிருக்காரே! தபால் எங்கயோ தவறிப் போயிருக்கு, பாருங்க. இருங்க, மொதல்ல அவருக்குச் சொல்லிடறேன்!"

கைப்பேசியை எடுத்து அவசர அவசரமாக எண்ணைத் தேடினாள். வக்கீலம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம்மா. கையெழுத்துப் போட்டு அந்தக் கார்டை வாங்கினதே அவர்தான்."