வரப்போரத்துப் பச்சிலை

“மொதல்ல அந்தப் பச்சிலையைக் கழுவி வுடு பரிமளா!” பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மனைவியிடம் போனில் கத்தினான் கொளஞ்சிநாதன்.

“எதுக்குங்க இந்தக் கத்து கத்துறீங்க? இலக்கியா சைக்கிள்லேர்ந்து வுழுந்து முட்டியைத் தேச்சுக்கிட்டா. வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கி வச்சுக் கட்டுனேன். ரத்தம் நின்னுடுச்சு. எரியுதுன்னு அழுவுறா, பச்சிலைன்னா எரியத்தானே செய்யும்?”

“சோப்புப் போட்டு நல்லா கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.”

“போன மாசம் உங்க கால்ல அருவா பட்டப்ப இதைத்தானே வச்சோம்? காயத்தை ஆத்துற சத்து இருக்குன்னு காலேஜ்காரங்ககூட ஆராய்ச்சிக்குப் பறிச்சிட்டுப் போனாங்களே. புள்ளைக்கு மட்டும் ஆவாதா?”

“எங்க பறிச்ச?”

“நம்ம மக்காச்சோளக் கொல்லை வரப்புலதான்.”

“பூண்டு மேல எனக்குச் சந்தேகமில்ல பரிமளா. நீ வேணாம்னு சொல்லியும் கேக்காம, நேத்து நீ டவுனுக்குப் போயிருந்தப்ப அந்த வரப்பு முழுக்கக் களைக்கொல்லி அடிச்சுட்டேன்.”

“பொய் சொல்லாதீங்க. இலையெல்லாம் பச்சைப் பசேல்னு இருந்துச்சே!”

“அடிச்சு ரெண்டு நாளைக்கு அப்படித்தான் இருக்கும்.”