போர்வையில் ஒரு பை

தேய்ப்பதற்கு முன்னால் மலர்க்கொடி கத்தரிக்கோலை எடுத்து, படத்திலிருந்து மகள் மாயாவை வெட்டி எடுத்தாள்.

அச்சுக் கடையில் கொடுத்த தாளில் முகமெல்லாம் இடம் வலம் மாறியிருந்தது. வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைத்துச் சூடாக அழுத்தினால் படம் துணிக்கு இறங்கிவிடும், இறங்கும்போது நேராகிவிடும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

துணி, கணவன் குணசேகரனின் கல்யாண வேட்டி. அவனுக்கு ஒரு போர்வை தைக்க அதைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருந்தாள்.

வீட்டிலிருந்த இஸ்திரிப் பெட்டிக்குக் கனம் போதவில்லை. கீழ்வீட்டு கெங்கம்மாதான் தன் கரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்திருந்தாள். எம்.கே.பி. நகரில் பாதிப் பேரின் சட்டைக்கு மடிப்பு வைப்பது அவள் கைதான்.

“ஊரு துணியெல்லாம் தேச்சுட்டேன். மனுசன் மூஞ்சியத் தேய்க்க வெச்சவ நீ ஒருத்திதாம்மே,” என்றாள்.

குணசேகரனின் அம்மா துணியில் இறங்கினாள். பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் அவனோடு வேலை பார்த்த தாமோதரன், பல்லெல்லாம் தெரிய இறங்கினான். மாலையும் கழுத்துமாக மலர்க்கொடி இறங்கினாள்.

பிறந்தநாள் படத்தில் கேக் மட்டும் இறங்கியது. அதற்குப் பின்னால் வெறும் வெள்ளை.

கெங்கம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பெட்டிக்குள் கரியை ஊதினாள்.

உள்ளறையில் குணசேகரன் தூங்கிக்கொண்டிருந்தான். எண்ணூர் சாலையில், மாயாவைப் பின்னால் வைத்து அவன் ஓட்டிப்போன பைக்கைக் கன்டெய்னர் லாரி தட்டிவிட்ட நாளோடு அவனுக்கு எல்லாம் நின்றுபோயிற்று. அதற்கு முந்தையது அத்தனையும் நினைவிருக்கிறது. பிந்தையது எதுவும் மறுநாள்வரை தங்குவதில்லை. சொந்தக்காரர்களின் படங்களைக் கண்ணெதிரிலேயே வையுங்கள், விழிக்கும்போது மிரளமாட்டார் என்று டாக்டர் சொன்னார்.

காலையில் கண்ணைத் திறந்ததும் அவன் கேட்பது ஒன்றுதான்.

“மாயா எங்க?”

அவள் சொல்வாள். அந்தச் சாவை அவன் அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்படுவான். அந்த அலறலில்தான் ஏழு மாதமாகக் கீழ்வீடுகளில் அடுப்பு பற்றவைத்தார்கள்.

அலறி ஓய்ந்த பிறகு இரண்டாவதாக ஒன்று கேட்பான். “வண்டிய யாரு ஓட்னது?” அதற்கு மட்டும் அவள் பதில் சொன்னதே இல்லை.

“ஸ்கூலுக்குப் போய்க்கீதுன்னு ஒரு பொய்யச் சொல்லித் தொலையேம்மே,” என்றாள் கெங்கம்மா, இதற்கு முன்பும் சொன்னவள்தான்.

“சொல்லிப் பாத்துட்டேங்க்கா. நாலு மணிக்கே ஸ்கூல் கேட்டாண்ட போயி நின்னுக்கிச்சு அந்தாளு. இருட்னப்பறமும் வரமாட்டேன்னு அடம்.”

அதனால்தான் சுவரிலிருந்த படங்களைக் கழற்றினாள். மாயாவின் ஸ்கூல் பையையும் ஷூவையும் யாருக்கோ கொடுத்தாள். முகம் கண்ணில் படாவிட்டால், ஒருவேளை, கேள்வியும் வாயில் வராது. தெருவில் யாரும் அவள் காதுபட அந்தப் பெயரை எடுப்பதில்லை. தன்னைப் பெற்ற தாய்கூடப் போனில் வேறு பேச்சுதான் பேசினாள். அவன் ஒருவன்தான் தினமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசிப் படம் காத்திவாக்கம் கடற்கரையில் எடுத்தது. குணசேகரன் அப்படிச் சிரித்த படம் வேறு கிடையாது. தோள்மேல் மாயா.

அவன் தலைக்கு மேலே இருந்ததை வெட்டிவிட்டாள். ஆனால் இரண்டு சின்னப் பாதங்கள் கொலுசோடு அவன் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை வெட்டினால் அவன் நெஞ்சையும் வெட்ட வேண்டும்.

கத்தரிக்கோல் அங்கேயே நின்றது.

அப்படியே தேய்க்கச் சொன்னாள். பிறகு அவனுடைய பழைய காக்கிச் சட்டையிலிருந்து பையைப் பிரித்தெடுத்து, பாதங்கள் மறையும்படி அந்த இடத்தில் வைத்துத் தைத்தாள்.

“போர்வைக்குப் பாக்கிட்டா?”

“பீடி வெச்சுக்கட்டும்.”

கெங்கம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தபோது குணசேகரன் போர்வையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மாவைத் தடவினான். “டேய் தாமு, பல்லப் பாரு உனுக்கு,” என்று துணியிடம் சொல்லிச் சிரித்தான். மாலை போட்ட மலர்க்கொடியைப் பார்த்துவிட்டு, அடுப்படியில் நின்றவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அவள் டீயை நீட்டினாள். பதிலைத் தொண்டையில் தயாராக வைத்திருந்தாள்.

அவன் குடித்தான். தம்ளரைக் கீழே வைத்தான். ஒரு கையைக் காக்கிப் பைக்குள் விட்டு, கதகதப்பாக இருக்கிறது என்பதுபோல அங்கேயே வைத்துக்கொண்டான்.

கீழே குடங்கள் உருளும் சத்தம் கேட்டது. தண்ணீர் லாரி வந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் அன்று யாரும் திடுக்கிட்டு எழவில்லை.

அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள்.

“இன்னாய்யா, இன்னிக்கு ஒண்ணியும் கேக்கலியே நீ?”

“இன்னா கேக்கணும்?” என்றான் அவன், சிரித்த முகத்தோடு.

மலர்க்கொடி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கையை மெல்லப் பைக்குள்ளிருந்து எடுத்துவிட்டாள். தையல் மிஷின்மேல் இருந்த கத்தரிக்கோலை எட்டி எடுத்து, பையின் ஓரத்தில் முதல் தையலைப் பிரித்தாள்.

நாலைந்து தையல் பிரிந்ததும் கொலுசு தெரிந்தது.