இரண்டாவது லெவல் கதவு

செய்த குற்றம் சின்னதுதான். ஒரு கதவைத் திறக்க முடியாமல் செய்துவிட்டான், அவ்வளவே. ஆனால் பிடிபட்டால் வேலை போகும். வீட்டுக்கடன் கழுத்தைப் பிடிக்கும். மனைவி முதலில் அழுவாள், அப்புறம் பேசுவாள். இரண்டாவதுதான் பயங்கரம்.

நாலு வருடமாக அவன் கம்பெனி செய்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் கேம் அது. இன்னும் மூன்று மாதம் கொடுத்தால் உருப்படியாகிவிடும். இப்போதைக்குக் குதிரைகள் சுவருக்குள் நடந்தன. கதாநாயகி நின்ற பிறகும் அவள் கூந்தல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. விளம்பரத்தில் வரும் குதிரை மட்டும் அற்புதமாக ஓடியது. பட்ஜெட்டில் பாதி அதன் மேல்தான் ஓடியிருந்தது.

"கணக்கு வருஷம் முடியறதுக்குள்ள வெளியிட்டாகணும். பங்குதாரர்களுக்கு லாபம்னு வாக்குக் குடுத்துட்டேன்" என்றார் எம்.டி.

"சார், குதிரைங்க இன்னும் சுவத்துக்குள்ளயே..."

"குதிரை எங்க நடக்கணும்னு சொல்ல நாம யாருய்யா?"

குதிரைகளை அவன்கூட மன்னித்திருப்பான். பிரச்சினை ஒரு பூனை. மகள் வளர்த்து, போன வருடம் காணாமல் போன பூனையை, யாருக்கும் தெரியாமல் மூன்றாவது லெவலில் வைத்திருந்தான். "அது இப்ப அப்பாவோட கேமுக்குள்ள இருக்குடா" என்று அவளிடம் ரகசியமாகச் சொல்லியும் விட்டான். அதுவோ நாலு காலும் தரைக்குள் புதைந்து, வெறும் வயிற்றோடு வழுக்கிக்கொண்டு வந்தது. மகள் அதை அந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாது.

அதனால்தான் வெளியீட்டுக்கு முந்தைய நாள் இரண்டாவது லெவலின் கடைசிக் கதவில் கை வைத்தான். இனி எவனாலும் அதைத் தாண்ட முடியாது. அரை மணி நேரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் கேமை வெளியிட எந்த மானஸ்தனுக்கும் மனசு வராது, தேதி தள்ளிப்போகும் என்று கணக்குப் போட்டான்.

மானஸ்தர்களைப் பற்றிய அவன் கணக்கில் தப்பே இல்லை.

அன்று மாலை சோதனைப் பிரிவு அலறியது. அவனும் இழவுக்கு வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அடடா, இப்பப் போயா?" என்று நாலு பேரிடம் கேட்டு வைத்தான்.

மறுநாள் காலை, சொன்ன தேதியில், சொன்ன நேரத்தில் கேம் வெளியானது.

மத்தியானம் எம்.டி. அறையிலிருந்து அழைப்பு வந்தது. உள்ளே ஒட்ட வெட்டிய தலையும் கெட்டி மீசையுமாக ஓர் அந்நியர் உட்கார்ந்திருந்தார். இவன் நுழைந்ததும் அவரே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அந்தக் கதவுல கை வெச்சது யாருன்னு தெரிஞ்சு போச்சு" என்றார்.

"நான்தான் சார். கூட யாரும் இல்ல. மத்தவங்களை விட்டுடுங்க."

"தனியாவா யோசிச்சீங்க?"

"ஆமா சார்."

"இதுக்கு முன்னாடி வேற எங்கயாவது செஞ்சிருக்கீங்களா?"

"ஐயோ, இதுதான் சார் முதல் தடவை!"

மீசைக்காரர் எம்.டி.யைப் பார்த்தார். எம்.டி. எழுந்து வந்து அவனை இறுகக் கட்டிக்கொண்டார்.

"ஏன்யா நடுங்கற? இவர் நம்ம நிதிப் பிரிவுக்குப் புதுசா வந்திருக்கார். கதவு திறக்கலைன்னதும் இவர்தான் பக்கத்துல ஒரு பட்டன் வைக்கச் சொன்னார். காசு கட்டினா உள்ள போகலாம்."

"எப்படி சார்? அது திறக்காதே!"

"திறக்காதுதான். ஆளைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுடுவோம்."

"அப்ப காசு வாங்காமலே தூக்கிப் போட்டிருக்கலாமே?"

இருவரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"கேம் வித்த காசைக் கதவுக் காசு காலையிலயே தாண்டிருச்சு" என்றார் மீசைக்காரர். "அடுத்த கேம்ல லெவலுக்கு ஒரு கதவு. நீங்கதான் கதவுப் பிரிவுக்குத் தலைவர்."

"நானும் கஞ்சன் இல்லய்யா" என்றார் எம்.டி. "ஊழியர் வீட்டுக்கெல்லாம் கேமை ஓசியிலயே அனுப்பிட்டேன். கதவுக்கு மட்டும்தான் காசு."

மகளுக்குப் பள்ளி விடுமுறை, வீட்டில்தான் இருந்தாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் அவனுடைய கார்டு எண் பத்திரமாகப் பதிந்திருந்தது.

அவன் வெளியே வருவதற்குள் பையில் செல்போன் அதிர்ந்தது. வங்கியிலிருந்து: கணக்கில் பணம் கழிக்கப்பட்டது, கதவு ஒன்று. மூச்சு விடுவதற்குள் மறுபடி அதிர்ந்தது. மனைவியின் எண்ணிலிருந்து மகள்:

"அப்பா, பூனையைப் பாத்துட்டேன்! ஆனா அதுக்குக் காலே இல்ல, அதுக்குத் தனியா காசு கட்டணுமா?"