சம்பள நாளில் ஒரு மன்னிப்பு

"குரூப்ல போட்டதை அழிச்சிட்டீங்களா?"

கல்லூரி முதல்வர் பழமலைநாதன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அழிச்சிட்டேன் சார். டவுன்லோடு பண்ணவங்களையும் அழிக்கச் சொல்லிட்டேன்," என்றாள் பேராசிரியை சிவசங்கரி.

அவள் அப்படி ஒன்றும் களவாடிவிடவில்லை. தான் எழுதிய கட்டுரையைத்தான் போட்டிருந்தாள்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பொம்மையும் பீங்கான் ஃபியூஸும் செய்கிறவர்களின் நுரையீரல் பற்றிய ஆராய்ச்சி அது. தூசி எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று பார்க்க, ஒவ்வொருவரையும் மெஷினில் ஊத வைத்தாள். கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. வந்த கையோடு பூட்டும் விழுந்தது. யார் படிப்பதானாலும் டாலரில் பணம் கட்ட வேண்டும். எழுதியவளே இலவசமாகக் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கட்டுரை வந்தால் போதும் என்கிற அவசரத்தில் அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

ஆனாலும் மெஷினில் ஊதியவர்களுக்குக் காட்டாமலிருக்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. தொழிலாளர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். அது எங்கெங்கோ சுற்றி, கல்லூரிக்கு வக்கீல் நோட்டீஸாகத் திரும்பி வந்தது.

"அழிச்சா போதாது. மன்னிப்பு கேக்கணும்," என்றார் முதல்வர்.

"பத்திரிகைக்குத்தானே சார்? எழுதிக் கொடுத்துடறேன்."

"அதை நான் பாத்துக்கறேன். யாருக்கு அனுப்பினீங்களோ, அவங்க முன்னாடி கேளுங்க. சனிக்கிழமை சாயங்காலம் எஸ்டேட்ல சம்பளம் போடறாங்க. ஒருத்தர் விடாம இருப்பாங்க. நானும் வரேன்."

சிவசங்கரியின் முகம் சுருங்கிப்போனது.

"நோட்டீஸு வந்தா பதில் போட்டுட்டுப் போவாம, ஊரைக் கூட்டி அசிங்கப்படுத்தணுமா? இவருக்கு நாற்காலிதான் பெருசு," என்று ஸ்டாஃப் ரூமில் பொருமினார் சக பேராசிரியர் ராஜாங்கம். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அன்று சாயங்காலம் டெய்சி போன் செய்தாள். எஸ்டேட்டில் பவுடர் கலக்கும் ஷெட்டில் வேலை பார்ப்பவள்.

"மேடம், நீங்க போட்டது என் போன்ல காணோங்க."

"அழிச்சாச்சு டெய்சி. நான் அனுப்பினது சட்டப்படி தப்பாம்."

"அப்படிங்களா? எம்பொண்ணு ரெண்டு வரி படிச்சிட்டு, இங்கிலீஷு ஒண்ணும் புரியலம்மான்னு வச்சிட்டா. நான் இந்த ஷெட்டுலயே இருக்கலாங்களா, பெயின்ட் அடிக்கிற பக்கம் மாத்திக்கட்டுமா? அதைக் கேக்கத்தான் போன் போட்டேன். வூட்டுல படுத்தா இருமல் நிக்க மாட்டேங்குது."

பதில் சிவசங்கரியின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. கூடவே நோட்டீஸும் ஞாபகத்துக்கு வந்தது. கட்டுரையின் எந்தப் பகுதியையும் எந்த வடிவத்திலும் யாருக்கும் தரக் கூடாது என்று அதில் போட்டிருந்தது. வேலை போய்விட்டால்?

"டாக்டர்கிட்ட காட்டு டெய்சி," என்று சொல்லி போனை வைத்தாள். வைத்த பிறகு தன்மீதே வெறுப்பாக இருந்தது.

சனிக்கிழமை, சம்பளக் கவரோடு எல்லோரும் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார்கள். முதல்வர் சொன்னபடியே முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

சிவசங்கரி தலை நிமிரவில்லை. "என் கட்டுரையை உங்களுக்கு அனுப்பினது தப்பு. அது இப்போ பத்திரிகைக்காரங்களுக்குச் சொந்தம். மன்னிச்சிடுங்க."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"எங்ககிட்ட எதுக்கு மேடம் மன்னிப்பு?" என்றாள் டெய்சி. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

பழமலைநாதன் எழுந்தார். "நியாயமான கேள்வி. நீங்க என்ன அனுப்பினீங்கன்னே இவங்களுக்குத் தெரியல மேடம். அதுல இருக்கறதைத் தமிழ்ல சொல்லுங்க. எந்த ஷெட்டுல தூசி ஜாஸ்தி, முகத்துல எதைக் கட்டணும், யாரு டாக்டரைப் பாக்கணும், எல்லாத்தையும் சொல்லுங்க. அவசரமே இல்ல. கடைசி பஸ்ஸு போயிட்டா நான் வண்டி வச்சு அனுப்பறேன்."

சிவசங்கரி திகைத்தாள். "சார், எந்த வடிவத்திலயும் கூடாதுன்னு நோட்டீஸுல..."

"அவங்க அப்படித்தான் எழுதுவாங்க. நம்ம வக்கீல்கிட்ட கேட்டுட்டேன். உங்க எழுத்துக்குத்தான் அவங்க சொந்தக்காரங்க."

இருமிக்கொண்டிருந்த டெய்சிக்குத் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"இவங்க நெஞ்சுக்கு இல்ல."