கேப்டன் மேசை

"எண்பத்தெட்டுல, கேப்டன் மேசையில, அன்னைக்கு லாப்ஸ்டர்" என்று ஞானமுத்து ஆரம்பித்ததும், விக்டோரியா மேசைக்கு அடியில் அவர் காலை மெதுவாக மிதித்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டாரே தவிர, பேச்சை நிறுத்தவில்லை.

சொன்னது பொய்யில்லை. சுற்றுலாக் கப்பலில் இருந்த காலமெல்லாம் அவள் புருஷன் கேப்டன் மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தார். ஆனால் உட்கார்ந்து அல்ல. முன்னங்கையில் வெள்ளைத் துணியை மடித்துப் போட்டுக்கொண்டு, நின்றபடி.

அந்த சர்வர் வேலை, கல்யாணத் தரகர் இம்மானுவேல் வாயில் நுழைந்து வெளியே வந்தபோது 'கப்பல் ஆபீசர்' ஆகியிருந்தது. விக்டோரியா திருத்தவில்லை. ஏன் திருத்தவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. அவர் தூக்கிய தட்டுகளில்தான் செல்லூரில் இந்த வீடு எழும்பியது, மகள் ஆன்மேரி எம்.எஸ்ஸி. வரை போனாள்.

எதிரே மனைவி, மகன் டோனி, தரகர் சகிதம் உட்கார்ந்திருந்தவர் வாடிப்பட்டி வெள்ளைத்துரை, மாப்பிள்ளையின் அப்பா. அவரும் கப்பலில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவராம். ரெண்டும் கப்பல் குடும்பம், இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும் என்று சொல்லித்தான் இம்மானுவேல் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார்.

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. சாப்பிட்டு எழுந்ததும் வெள்ளைத்துரை சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது கதை. சொல்லாமல் காரில் ஏறினாலும் முடிந்ததுதான்.

அதற்காகவே காலையில் பூசைக்குப் போய்வந்த கையோடு விக்டோரியா புருஷனுக்குப் பாடம் நடத்தியிருந்தாள். யார் டம்ளர் காலியானாலும் எழுந்திருக்கக் கூடாது, யாரையும் சார் என்று கூப்பிடக் கூடாது. நல்ல பிள்ளையாகத் தலையாட்டிய மனிதர், இப்போது வெள்ளைத்துரையின் டம்ளரில் தண்ணீர் இறங்க இறங்க நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார்.

நல்லவேளை, பேச்சு அவரை உட்கார வைத்தது. இரண்டு பேரும் பிரியாணியை மறந்து கப்பலில் ஏறிவிட்டார்கள். வேறு வேறு கப்பல்தான். ஆனாலும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்தார்.

நடுராத்திரி விருந்துக்குப் பனிக்கட்டியில் செதுக்கிய அன்னப்பறவை வந்தது. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, தீ எரிகிற ஐஸ்கிரீமைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சர்வர்கள் ஆடிக்கொண்டே வந்தார்கள். தரை புரளும் கவுன் போட்ட சீமாட்டிகள் கை துடைக்கும் துணியைச் சுழற்றி ஆரவாரம் செய்தார்கள்.

"இப்பெல்லாம் பயணிங்களே அரைக்கால் டவுசரோட வந்து, தட்டத் தூக்கிட்டு வரிசையில நிக்கிறாங்களாம்" என்றார் ஞானமுத்து. வெள்ளைத்துரை தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆனா அந்த லாப்ஸ்டருக்கு ஊத்துற சாஸ் இருக்கே, ஆறிப்போச்சுன்னா தட்டுல பிசின் கணக்கா ஒட்டிக்கிரும்" என்று வெள்ளைத்துரையே முகத்தைச் சுளித்தார். ஆறினதைத் தொடாத பெரிய மனுஷர் போல என்று பயந்து, விக்டோரியா தாளிச்சாவை இன்னொரு தடவை சூடு பண்ணி எடுத்துவந்தாள்.

எந்தக் கப்பலிலும் கால் வைத்ததில்லை அவள். ஆனாலும் அந்த மத்தியானம் செல்லூர்ச் சந்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வீடே மிதப்பதுபோல் இருந்தது. ஒரு சீமாட்டியின் பல்செட் சூப்பில் விழுந்த கதைக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்த சிரிப்பில், காலை மிதிக்க வேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

சாப்பாடு முடிந்து ஆன்மேரி தட்டுகளை எடுக்க வந்தாள். பதற்றத்தில் அவள் அடுக்கிய அடுக்கு சரிந்தது. ஞானமுத்து எப்போது எழுந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

விரலிடுக்கில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, முழங்கைப் பக்கம் ஒன்று என்று இடது கையில் தட்டுகள் விசிறியாக விரிந்தன. வலது கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. லேசாகக் குனிந்து, "முடிஞ்சதுங்களா சார்?" என்றார் வெள்ளைத்துரையிடம்.

இம்மானுவேல் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். வெள்ளைத்துரையின் கண் அந்தத் தட்டுகளை விட்டு அசையவில்லை.

சம்பந்தம் போயிற்று என்று விக்டோரியா நினைத்தாள். கூடவே இன்னொன்றும் நடந்தது. கட்டிய நாளிலிருந்து அவர் வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறாளே தவிர, அவர் வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. ஒரு பருக்கை சிந்தாமல் நின்ற அந்த மனிதர் அவள் கண்ணுக்கு மாப்பிள்ளையைவிட அழகாக இருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் ஆபீசர் இல்லைங்க" என்றாள். "கப்பல்ல பரிமாறுனவரு. அந்த வேலைதேன் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. இனிமே நீங்க என்ன சொன்னாலும் சரி."

வெள்ளைத்துரையின் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் அந்தக் கையை விலக்கிவிட்டு எழுந்தார். கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார்.

"அப்பா" என்று டோனி பாதி எழுந்தான். அவர் ஞானமுத்துவின் முகத்துக்கு நேரே போய் நின்று, இரண்டு கையையும் நீட்டினார்.

"இப்படிக் குடுங்க சம்பந்தி, கப்பல்ல தட்டுக் கழுவுனவன் நாந்தேன்."